லங்காஷயர் கால்பந்தின் முதல் 11 பருவங்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

1879 பிப்ரவரியில், வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்து டார்வென் என்ற பஞ்சாலை ஊரின் அணி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி ஆட லண்டன் ஓவல் மைதானத்துக்குப் போனது. கிரிக்கெட்டுக்குப் பேர்போன அதே ஓவல்தான். எதிரணி ஓல்ட் ஈட்டோனியன்ஸ், அதாவது பணக்காரர் படிக்கும் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். 5-1 என்று பின்தங்கிய டார்வென், கடைசியில் 5-5 என்று சமன் செய்தது. மறு ஆட்டத்துக்கும் லண்டனுக்கே போக வேண்டும். ஆலைத் தொழிலாளிகளிடம் ரயிலுக்கு ஏது காசு? ஊரில் வசூல் நடந்து 175 பவுண்டு சேர்ந்தது. அந்த ஆட்டமும் 2-2. மூன்றாவதில் 6-2 என்று தோற்றார்கள்.

அந்தக் காலத்து லங்காஷயர் ஆட்டச் செய்திகளைத் தொகுக்க நாங்கள் கேட்பது 1,800 பவுண்டு. அன்றைய பண மதிப்போடு ஒப்பிட்டால் டார்வென்காரர்கள் கொடுத்ததுதான் அதிகம்.

லங்காஷயர் கால்பந்துச் சங்கம் 1878-இல் பிறந்தது. 1888-89-இல் நடந்த இங்கிலாந்தின் முதல் கால்பந்து லீக்கின் (கழகங்கள் ஒன்றோடொன்று ஆடும் தொடர் போட்டி) 12 கழகங்களில் 6 இந்த ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை. இடைப்பட்ட 11 பருவங்களின் ஆட்டச் செய்திகளை உள்ளூர் வாரப் பத்திரிகைகளிலிருந்து எடுத்து, தேதிவாரியாகத் தமிழில் தொகுத்து, எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைக்கப் போகிறோம்.

எங்கள் பட்டியலில் ஆட்டம் தொடங்கிய நேரத்துக்குத் தனிக் கட்டம் உண்டு. காரணம் இதுதான்: லீக்கின் முதல் கோல், 1888 செப்டம்பர் 8 அன்று ஆஸ்டன் வில்லாவின் கெர்ஷம் காக்ஸ் தன் வலைக்குள்ளேயே அடித்ததுதான் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. அந்த ஆட்டம் 3.30-க்குத் தொடங்கியது, கோல் விழுந்தது ஏறக்குறைய 4 மணிக்கு. போல்டனிலோ ஆட்டம் 3.45-க்குத்தான் தொடங்கியது, ஆனால் இரண்டே நிமிடத்தில் கென்னி டேவன்போர்ட் கோல் போட்டுவிட்டார். பத்திரிகைகளில் ஒரு வரியாகக் கிடந்த இந்த நேரத்தை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது 2013-இல்! பாவம் காக்ஸ்.

பெயர்கள் இன்னொரு தலைவலி. லீக்கைத் தொடங்கிய கழகங்களில் ஒன்றான அக்ரிங்டன் வேறு, அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற கழகம் வேறு. 'பிளாக்பர்ன்' என்று ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் அது ரோவர்ஸா, 1883-இல் கோப்பை வென்ற ஒலிம்பிக்கா என்று ஆட்டக்காரர் பெயர்களை வைத்தே முடிவுகட்ட வேண்டும். சம்பளக் கணக்கைத் தேடுவதும் வீண்வேலை; 1885 ஜூலை வரை ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பதே கால்பந்துச் சங்க விதிப்படி குற்றம். ஃபெர்கி சூட்டர் கிளாஸ்கோவிலிருந்து டார்வெனுக்கு வந்த கல்தச்சர். இங்கிலாந்துக் கல் ரொம்பக் கடினம் என்று சொல்லி உளியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு எதை வைத்துச் சாப்பிட்டார் என்று எந்தப் பேரேடும் சொல்லாது.

செலவுக் கணக்கு: ஒரு பருவத்துக்கு 35 வாரம், வாரம் இரண்டு பத்திரிகையில் தலா ஒரு பக்கம், ஆக 70 பக்கம். பக்கத்தின் படத்துக்கு 2 பவுண்டு வீதம் பருவத்துக்கு 140. 11 பருவத்துக்கு 1,540. மீதி 260 இணைய இடத்துக்கும் இரண்டு வன்தட்டுகளுக்கும். தட்டச்சும் மொழிபெயர்ப்பும் இலவச உழைப்பு.

படங்களை 400 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 400 புள்ளி) குறையாமல் எடுக்கச் சொல்கிறோம். மலிவான நுண்படப் பிரதியில் பின்பக்க மை ஊடுருவித் தெரியும். 3, 8 ஆகிவிடும். இறுக்கித் தைத்த தொகுதியில் தையலோரப் பத்தி வளைந்து பாதிச் சொல் காணாமல் போகும். அந்தப் பக்கங்களைத் திரும்ப எடுக்க வேண்டும். கணினியின் எழுத்துணரியை எண்களுக்கு நம்புவதில்லை. இருவர் தனித்தனியே தட்டச்சு செய்வார்கள், மூன்றாமவர் ஒப்பிடுவார்.

140 பவுண்டு கொடுத்தால் ஒரு பருவம் உங்கள் பொறுப்பு. 2 பவுண்டு கொடுத்தால் ஒரு பக்கம். ஒவ்வொருவருக்கும் ரசீது உண்டு, மூன்று மாதத்துக்கொருமுறை வரவு செலவு வெளியிடுவோம். முழுத் தொகை சேராவிட்டால் சம்பளச் சண்டை உச்சத்தில் இருந்த 1883-84, 1884-85 பருவங்களை முதலில் வாங்குவோம். பெயர் வெளியிட விருப்பமில்லாதவர்கள் பணம் அனுப்பும்போதே பொருளாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்