பாதாம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இதய நலத்துக்குக் கொட்டைப் பருப்புகளைப் பரிந்துரைப்பவர்கள் பாதாம், வால்நட் படங்களைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். விலையை நினைத்துப் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நிலக்கடலை என்ன பாவம் செய்தது? தாவரவியல்படி அது பயறு வகைதான். ஆனால் அதன் கொழுப்பில் பெரும்பகுதி இதயத்துக்கு உகந்த நிறைவுறாக் கொழுப்பு. தினம் சுமார் 42 கிராம் கொட்டைப் பருப்பு இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று (நிரூபிக்கப்படவில்லை என்ற குறிப்போடு) உணவு உறைகளில் அச்சிட, 2003-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இசைவளித்தது. அந்தப் பட்டியலில் நிலக்கடலை உண்டு. நிறைவுற்ற கொழுப்பு கூடுதல் என்பதால் முந்திரி இல்லை. பண்ருட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

அதற்காகப் படி கணக்கில் கொறிப்பதும் தவறு. 30 கிராமிலேயே ஏறக்குறைய 170 கலோரி இருக்கிறது. மாலை பஜ்ஜிக்குப் பதிலாக ஒரு கைப்பிடி, அவித்தோ உப்பில்லாமல் வறுத்தோ தின்றால் பலன் உண்டு. பஜ்ஜியோடு சேர்த்துத் தின்றால் எடைதான் ஏறும். தோலை ஊதித் தள்ளவும் வேண்டாம், நார்ச்சத்து அதிலும் இருக்கிறது.

பூஞ்சணம் பிடித்த, கசக்கும் கடலையை மட்டும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. வறுத்தாலும் முழுவதுமாகப் போகாது. கடைகளில் ஈரக் கோணியில் கிடக்கும் கடலையை யார் சோதிக்கிறார்கள்? உணவுப் பாதுகாப்புத் துறையினரிடம் கேட்டு உங்கள் நிருபர்கள் எழுதலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டிவனம்