மவுண்ட் ஹோப் குதிரைகளும் உன் டிராக்டர் லோனும்

அன்புள்ள ரங்கசாமி,

இங்கே மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் சௌக்கியம். என் சர்க்கரையைப் பற்றி மட்டும் கேட்காதே. காளைகளைத் தள்ளிவிட்டு டிராக்டர் லோன் போடப் போகிறாய் என்று சின்னான் போனில் சொன்னான். நானோ அப்போதுதான் குதிரை ஏர் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். எழுதாமல் இருக்க முடியுமா?

இங்கே அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் மவுண்ட் ஹோப் என்று ஓர் ஊர், ஆமிஷ் ஜனங்கள் வாழும் பகுதி. வயலில் டிராக்டர் ஓட்டாமல் பழைய முறையிலேயே வாழும் கிறிஸ்தவர்கள் அவர்கள். 'ஹார்ஸ் பிராக்ரஸ் டேஸ்' என்று 1994 முதல் ஊர் மாற்றி ஊர் நடத்தும் கண்காட்சி. பழைய சாமான் காட்டுகிற இடமில்லை. குதிரைக்கென்றே புதிதாகச் செய்த கலப்பை, அறுப்பு யந்திரம் எல்லாம் வயலில் ஓடுகின்றன. பெல்ஜியன் குதிரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன். உன் மயிலைக் காளை பக்கத்தில் நின்றால் கன்றுக்குட்டி, கோபப்படாதே. ஐந்தாறு குதிரை பூட்டிய இரட்டைக் கொழுக் கலப்பையில் ஒரு பொடியன் உட்கார்ந்தபடியே உழுகிறான். நாளுக்கு நாலைந்து ஏக்கர் ஆகுமாம்.

பூட்டும் இடத்தில் ஒரு பெரியவர், கழுத்துப்பட்டைக்கும் குதிரையின் தொண்டைக்கும் நடுவே கையைத் தட்டையாக நுழைத்துப் பார்த்தார். கை போனால் சரி. இறுகினால் மூச்சு முட்டும், தொளதொளவென்று இருந்தால் தோள் புண்ணாகும். உங்கப்பா நுகத்தடி வைக்கும் முன் திமிலடியைத் தடவிப் பார்ப்பாரே, அதே பார்வை.

அடுத்ததுதான் வேடிக்கை. புல் கட்டும் யந்திரத்தின் மேல் ஒரு இன்ஜின் முழங்குகிறது, அதை இழுப்பதோ குதிரை! இன்ஜின்தான் இருக்கிறதே, அதுவே இழுத்துத் தொலைக்கக் கூடாதா என்று மாப்பிள்ளையை விட்டுக் கேட்டேன். டிராக்டர் வந்தால் பக்கத்து நிலத்தையும் வாங்கத் தோன்றும், அப்புறம் பக்கத்துக்காரன் இருக்கமாட்டான் என்றார் அதை ஓட்டிய மனுஷன். டிராக்டர் குட்டி போடாது என்றும் சொன்னார். காளையும் போடாதுதான், சிரிக்காதே.

இந்த நாட்டில் 1920-ல் குதிரையும் கோவேறு கழுதையுமாகச் சுமார் 2.5 கோடி இருந்தன. 1960-ல் மிஞ்சியது 30 லட்சம் போல. அதற்குள் டிராக்டர் 40 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆமிஷ்காரர்கள் அந்த வெள்ளத்தில் போகாமல் நின்றுவிட்டார்கள்.

அதற்காக நீயும் ஏரைக் கட்டிக்கொண்டு அழு என்று சொல்லவில்லை. அவர்களுக்கு நிலம் அதிகம், புல் சொந்தம், வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள். உனக்கு நாலு ஏக்கர் மஞ்சள், தேய்ந்த முழங்கால், பெங்களூரில் ஒரு மகன். ஏர் பிடிக்க யார் வருவார்கள்? உழவுக்கு டிராக்டர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உன் சொந்த டிராக்டராக ஏன் இருக்க வேண்டும்? ஐந்துகொத்து, ரோட்டவேட்டர், பார் போடுவது எல்லாம் சேர்ந்தாலும் நாலு ஏக்கருக்கு வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடும்? மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடத்தான் ஊரில் ஆள் இருக்கிறதே. வண்டி நின்றாலும் வட்டி நிற்காது, ரங்கா. மஞ்சள் விலையை நம்பியா தவணை கட்டுவாய்? நிலத்தை ஈடு வைத்த தங்கவேலு மாமா கதையை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. அன்றைக்கு நீயும் என்கூடத்தான் அங்கே நின்றாய்.

அதனால் பேப்பரைப் போட்டோ எடுத்து மாப்பிள்ளை நம்பருக்கு அனுப்பு. அவர் வட்டிக் கணக்கில் கெட்டி. அதுவரை கையெழுத்து வேண்டாம். காளைகளைக் கொடுத்தே தீருவதென்றால் அடிமாட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடாதே. ஆடியில் அந்தியூர் சந்தை கூடுகிறது, ஜோடியாகப் பிடித்துக்கொண்டு போ. சின்னானை விலை பேச விடாதே, அவன் சமர்த்துதான் ஊருக்கே தெரியுமே.

உன்,
பழனிச்சாமி