யோடல் வெறும் தொண்டை வித்தை அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சுவிஸ் பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். மலையும் ரயிலும் பாற்கட்டியும் நன்றாக வந்திருந்தன. யோடல் என்ற அந்நாட்டு மலைப்பாட்டு வந்த இடத்தில்தான் மனம் சுணங்கியது. தொண்டையைப் புரட்டிக் கத்தும் ஒரு வேடிக்கை என்று ஒரே வரியில் முடித்துவிட்டுக் கட்டுரையாளர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

சுவிஸின் செங்காலன் நகரில் முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். யோடல் என்றால் எனக்கும் நெடுநாளாக நினைவுக்கு வந்தது சந்திரபாபுவின் குரல்தான். இன்றும் அவரை விரும்பிக் கேட்கிறேன். ஆனால் போன கோடையில் பக்கத்து அப்பென்செல் மலைக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயக் குடும்பம் பாடக் கேட்டபின், இதன் ஊற்று வேறெங்கோ இருக்கிறது என்று புரிந்தது.

என் மகளின் தோழி ஒருத்தியின் வீடு அது. வீட்டில் கூடியிருந்து வாசித்துப் பாடுவதை அங்கே 'ஸ்டொபத்தெ' என்கிறார்கள். தகப்பன், தாய், இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு மகன். முதலில் வாத்தியங்கள்: இரண்டு வயலின், செல்லோ, பெரிய பாஸ், நடுவில் ஹக்பிரெட். நம் ஆட்கள் பார்த்தால் சந்தூர் என்பார்கள். அதன் 125 தந்திகளையும் தாய் மெல்லிய இரண்டு கோல்களால் தட்டித் தட்டி மணிபோல ஒலிக்கச் செய்தார்.

பிறகு வாத்தியங்களை வைத்துவிட்டு ஐவரும் நெருக்கமாக ஒரு வட்டமாய் நின்றார்கள். தகப்பன் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தொடங்கினார். சொல் கிடையாது, 'யோ', 'லூ' என்று வெறும் ஓசைதான். நெஞ்சுக் குரலில் ஆறுதலாக ஏறி, ஓரிடத்தில் சட்டென்று மெல்லிய உச்சக் குரலான தலைக் குரலுக்குத் தாவினார். நம் சங்கீதத்தில் அந்த மாறும் இடம் வெளியே தெரியாதபடி மெழுகிவிடத்தான் பிள்ளைகளைப் பழக்குவார்கள். இங்கே அந்த முறிவில்தான் அழகே இருக்கிறது.

ஆனாலும் என்னைக் கட்டிப்போட்டது அவர் குரல் அல்ல. கூட நின்றவர்கள்தான். மூத்த மகள் இரண்டாம் குரலாகச் சேர்ந்தாள். அவள் முன்னால் சுரக்குறிப்பு எதுவும் இல்லை. தகப்பனுடைய வாயைப் பார்த்தபடி, அவர் போகும் வழியைப் பிடித்துப் பிடித்துப் போனாள். மற்ற மூவரும் சுருதிப்பெட்டி போல அடியில் நின்று தாங்கினார்கள். தகப்பன் திரும்பும்போது மட்டும் எல்லோரும் ஒன்றாக நகர்ந்தார்கள். இந்தத் தாங்குதலுக்கு அவர்கள் மொழியில் தனிப் பெயரே உண்டு. நேராகப் பிடித்தல் என்று அதற்குப் பொருளாம். ஒருவர் கொஞ்சம் அதிகம் குரல் கொடுத்தாலும் பாட்டுக் கெட்டுவிடும். ஒருவர் மூச்சு வாங்க மற்றவர் இடைவெளி தெரியாமல் நிரப்பியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சிறுவயதிலிருந்து ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் இது இவ்வளவு இயல்பாக வரும் என்று தோன்றியது.

இங்கே வயலின் பழகிய என் மகள் காதோரம் சொன்னாள்: "அம்மா, அந்த மத்திமத்தைக் கேட்டீங்களா? சுத்தமும் இல்லை, பிரதியும் இல்லை." நம் சங்கீதத்தில் 'ம' என்ற மத்திமம் இரண்டு: தாழ்ந்தது சுத்தம், உயர்ந்தது பிரதி. தகப்பனிடமே கேட்டோம். அவர் சொன்ன விளக்கம் இது: அல்ப்ஹோர்ன் என்ற நீண்ட மரக்கொம்பில் துளை கிடையாது. உதட்டாலும் மூச்சாலும் எழும் இயற்கைச் சுரங்கள் மட்டுமே அதில் வரும். அடியிலிருந்து எண்ணினால் அதன் 11ஆவது இயற்கைச் சுரம் ஏறக்குறைய இந்த இரண்டு மத்திமங்களுக்கும் நடுவில் விழுகிறது. அதையே பாட்டிலும் பாடுகிறார்கள். இதைச் சுருதி பிசகு என்று நினைப்பவர்களும் உண்டாம்.

கடைசியில் மகன் பெரிய மண்சட்டி ஒன்றை ஏந்தி, ஐந்து பிராங்க் நாணயத்தை உள்ளே விட்டுச் சுழற்றினான். நாணயம் விளிம்பில் எழுந்து நின்று சட்டியின் உட்சுவரைச் சுற்றி ஓடியது. இப்படி மூன்று சட்டிகள், மூன்று சுருதிகள். அந்த ரீங்காரத்தின் மேல் தகப்பன் மறுபடி பாடினார். என் பேத்தி சட்டிக்குள் எட்டிப் பார்த்தபடியே நின்றாள்.

இது உல்லாசப் பயணிகளுக்காக உண்டாக்கியது அல்ல. அப்பென்செல் இடையர்கள் மாடழைக்கும் பாட்டு ஒன்று 1545இலேயே அச்சேறியிருக்கிறது. உர்னெஷ் என்ற ஊரின் ஆல்டர் குடும்பம் 1884 முதல் தலைமுறை தலைமுறையாக இந்த இசையை வாசித்து வந்திருக்கிறது. சொல்லில்லாத இந்த யோடலுக்கு ஊருக்கு ஊர் பெயரும் வேறு: அப்பென்செலின் ஒரு பக்கத்தில் சொய்யர்லி, மறுபக்கத்தில் ருக்கூஸ்லி, மத்திய சுவிஸின் மூவோட்டா பள்ளத்தாக்கில் யூட்ஸ். ஒவ்வொன்றின் நடையும் வேறு. உங்கள் இதழில் இதற்கு இரண்டு பக்கமாவது ஒதுக்கி, இசை தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செங்காலனிலும் சூரிச்சிலும் இருக்கும் நம்மவர்களுக்கும் அது மிகவும் தேவை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒருமுறையும் கேளாதவர்கள் எங்களில் எத்தனையோ பேர்.

டிசம்பர் 31இலும், பழைய நாட்காட்டிப்படி வருடக் கடைசி நாளான ஜனவரி 13இலும், உர்னெஷில் ஆண்கள் முகமூடியும் பெரிய மணிகளும் அணிந்து வீடு வீடாகப் போய் வாசலில் நின்று சொய்யர்லி பாடுவார்கள். பதின்மூன்றாம் தேதி பொங்கலை ஒட்டி வருகிறது. வரும் ஜனவரியில் நாங்கள் குடும்பமாகப் போகிறோம். உங்கள் கட்டுரையாளருக்கு வர விருப்பம் இருந்தால் எங்கள் வீட்டில் தங்கலாம். பொங்கலுக்கும் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
செங்காலன், சுவிஸ்