செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: கிளாம்பாக்கம் மெட்ரோ நீட்டிப்பும் நமது நிலைப்பாடும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பகுதி உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், ஆண்டு முழுவதும் நம் உழைப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட மெட்ரோ நீட்டிப்பு குறித்தே இவ்வறிக்கை அமைகிறது.

சென்னை மெட்ரோ 2016 செப்டம்பரில் விமான நிலையத்தை எட்டியது. அதன் பின் தெற்கே நகரவில்லை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து இங்கு மாறியபோது, பேருந்தை விட்டு இறங்கியதும் மெட்ரோ ஏறும் வசதியைப் பயணிகள் இழந்தனர். அந்தக் குறையைத் தீர்க்க, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வழியாக 15.46 கி.மீ. நீளத்தில் 13 நிலையங்களுடன் உயர்மட்டப் பாதை திட்டமிடப்பட்டுள்ளது. மதிப்பீடு 9,335 கோடி ரூபாய். நில எடுப்புக்கும் முன்னேற்பாட்டுப் பணிகளுக்கும் ஏறத்தாழ 1,964 கோடி ரூபாய்க்கு மாநில அரசு இவ்வாண்டு அளித்த ஒப்புதலைச் செயற்குழு நன்றியுடன் வரவேற்றது.

பாதையைக் கிளாம்பாக்கத்துக்கும் தெற்கே கூடுவாஞ்சேரி வரை கொண்டுவரப் போராட வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் வலியுறுத்தினர். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆயினும், சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டும், மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் கிடைத்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. கிளாம்பாக்கம் வரையிலான பாதையே முதலில் உறுதிப்பட வேண்டும்; அதுவரை நாம் பேச வேண்டியது நிலைய வாசல்கள் எங்கே அமையும் என்பதைப் பற்றித்தான்.

புறநகர் ரயில் 1,676 மி.மீ. அகலப் பாதையில் ஓடுகிறது, மெட்ரோவின் பாதையோ 1,435 மி.மீ. அகலமே கொண்டது. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓட வழியில்லாததால், செங்கல்பட்டுத் தடத்தில் வரும் நம்மவர்கள் எப்படியும் இறங்கி, நடந்து, மாறித்தான் ஆக வேண்டும். அந்த நடை எத்தனை நிமிடம், எத்தனை படி என்பதில்தான் இத்திட்டத்தால் நமக்குக் கிடைக்கும் பயனே அடங்கியிருக்கிறது. தூண் எழும்பிய பிறகு வாசலை மாற்ற எவராலும் இயலாது.

இதை நேரில் அறிய, ஒரு ஞாயிறு இரவு செயற்குழுவினர் முனையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் நெடுஞ்சாலை வரை நடந்து பார்த்தோம். உறங்கும் குழந்தையைத் தோளிலும் பெட்டியைக் கையிலும் தாங்கிய ஒரு தாய், சக்கரம் உடைந்த மற்றொரு பெட்டியைக் காலால் தள்ளித் தள்ளி நகர்த்திக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவர் அதைத் தூக்கிச் சென்று பேருந்து நிறுத்தத்தில் விட்டு வந்தார். எங்கள் மனுவின் முதல் வாசகம் அன்றிரவே எழுதப்பட்டது.

பேருந்து முனையம், ரயில் நிலையம், மெட்ரோ ஆகிய மூன்றும் கூரையுள்ள ஒரே நடைபாதையால் இணைய வேண்டும் என்றும், சாலையின் இருபுறமும் மின்தூக்கி வேண்டும் என்றும், ஊரப்பாக்கம் பக்கத் தெருக்களுக்கு இணைப்புச் சிற்றுந்து இயக்க வேண்டும் என்றும் அம்மனுவில் கோரியுள்ளோம். நிலைய அமைப்பு வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு அனுப்பிய விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. மேல்முறையீட்டுக்கு இப்பொதுக்குழுவின் இசைவைக் கோருகிறேன்.