கணக்கைப் பூட்டுவது பைக்குள் இருக்கும் போன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

90 நாளுக்கொரு முறை வைஃபை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் கல்லூரிகளில், மாற்றிய மறுநாளே ஐடி அறை வாசலில் கூட்டம் நிற்கிறது. ‘அக்கவுன்ட் லாக்’. இதை மாணவரின் கவனக்குறைவு என்பது நியாயமில்லை. லேப்டாப்பில் அவர் புதியதைச் சரியாகத்தான் போட்டிருப்பார். பைக்குள் இருக்கும் போனில் பழையது சேமிப்பில் கிடக்கிறது. சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் அது தானாகவே பழையதை அனுப்புகிறது. ஐந்து தவறுக்குப் பூட்டு என்றிருந்தால், வகுப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கணக்கு பூட்டிக்கொள்ளும். மின்னஞ்சலும் அதே கணக்கில்தான் என்றால் அதுவும் போச்சு.

அந்தப் போனைக் கண்டுபிடிக்காமல் பூட்டை மட்டும் திறந்துவிட்டால் சற்று நேரத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். கணக்குகளை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வரின் 4740 பதிவில் (கணக்கு பூட்டியதைச் சொல்வது), வைஃபை பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரின் பெயர்தான் தெரியும். அங்கே நிற்காமல், அந்த ரேடியஸ் சர்வரில் ஓடும் மைக்ரோசாஃப்டின் என்பிஎஸ் மென்பொருளின் 6273 பதிவைத் (அனுமதி மறுத்ததைச் சொல்வது) திறந்தால் கருவியின் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கிடைக்கும். இப்போதைய போன்கள் வைஃபைக்கு ஒரு மேக் முகவரியைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன. ஆகவே ‘அபவுட் போன்’ பக்கத்தில் தேடாமல், அந்த வைஃபையின் பெயரைத் தொட்டால் வரும் விவரத்தில் ஒப்பிட வேண்டும்.

கணக்கு பூட்டுவதற்கான தவறுகளின் எண்ணிக்கை 10, அந்த எண்ணிக்கை பூஜ்யமாகும் நேரம் 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வைஃபை இணைப்புகளை நிர்வகிக்கும் வயர்லெஸ் கன்ட்ரோலர் மூன்று தவறுக்குப் பின் கருவியை ஒரு நிமிடம் மட்டும் விலக்கி வைத்தால், நாலைந்து நிமிடத்தில் பத்தும் நிரம்பிவிடும். 15 நிமிடம் விலக்கி வைத்தால் மூன்றோடு நின்று, அடுத்த முயற்சிக்குள் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும். போன் மட்டும் வெளியே நிற்கும், கணக்கு பூட்டாது.

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. பல இடங்களில் பதிவெண்ணே யூசர்நேம். வரிசையான எண்களுக்கு வாய்க்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டு ஒரு வகுப்பையே தேர்வு நாளில் முடக்க ஒருவரால் முடியும். என்பிஎஸ்-இல் எத்தனை தவறுக்குப் பின் மறுப்பது என்று சொல்லும் ‘மேக்ஸ்டினயல்ஸ்’ அமைப்பை, டொமைன் கன்ட்ரோலரின் பூட்டு எண்ணிக்கையைவிடக் குறைவாக வைத்தால் வைஃபை மட்டும் பூட்டும், மின்னஞ்சல் தப்பும். ஆனால் அந்த எண்ணிக்கை பூஜ்யமாகும் ‘ரீசெட் டைம்’ இயல்பாக 2880 நிமிடம், அதாவது இரண்டு நாள். அதைக் குறைக்க மறக்கக் கூடாது.

90 நாள் விதியே தேவையில்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லேயே, கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் ஒழிய மாற்றச் சொல்லாதீர்கள் என்றது. நீளமான பாஸ்வேர்டு ஒன்று போதும். பாஸ்வேர்டுக்குப் பதில் கருவிக்கொரு டிஜிட்டல் சான்றிதழ் தரும் இஏபி-டிஎல்எஸ் முறை வந்தால் இந்தத் தொல்லையே இருக்காது. அதுவரை, பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தின் தலையிலேயே இதைத் தமிழில் போடுங்கள்: ‘முதலில் போன், டேப், லேப்டாப் எல்லாவற்றிலும் இந்த வைஃபைக்கு ‘ஃபர்கெட்’ கொடுங்கள், பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.’

இப்படிக்கு,
கல்லூரி நெட்வொர்க் பராமரிப்பாளர்கள்