அப்பா பனியில் இருக்கிறார்

ஆகாயப்படைப் பயிற்சிப் பணிக்காக அமெரிக்காவின் ஃபோர்ட் ஸ்மித்துக்குக் குடும்பத்தோடு கிளம்பவிருக்கும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். உங்களில் பலரை எனக்குத் தெரியாது. ஆனால் இந்நேரம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னென்ன கிடக்கும் என்று தெரியும். கடப்பிதழ்கள், தடுப்பூசிப் பதிவுகள், சாமான் கட்டி அனுப்புபவர்கள் கொடுத்த நீளப் பட்டியல். நானும் அப்படி ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து, மிளகாய்த்தூள் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட்டவள்தான். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்லவே இந்த மடல்.

நாங்கள் போனது ஐடஹோ மாநிலத்தில் உள்ள மவுன்டன் ஹோம். நம் ஆகாயப்படையின் எஃப்-15எஸ்ஜி போர் விமானங்களின் பயிற்சிப் பிரிவு 2009லிருந்து அங்கே இருக்கிறது. அமெரிக்கர்களும் நம்மவர்களும் சேர்ந்து வேலை பார்க்கும் 428வது படைப்பிரிவு அது. என் கணவர் விமானப் பராமரிப்பில் இருந்தார். அதற்கு மேல் ராணுவ விஷயம் எதுவும் எழுத மாட்டேன்; எனக்குத் தெரியவும் தெரியாது.

ஊர்ப் பெயரைக் கேட்டதும் என் அத்தை, "ஊட்டி மாதிரி இருக்கும் போல" என்று சந்தோஷப்பட்டார். பெயரில்தான் மலை. முன்பு மலையடிவாரத்தில் இருந்த அஞ்சல் நிலையம், 1883ல் ரயில் வந்ததும் பெயரையும் தூக்கிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிட்டதாம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சாம்பல்பச்சைப் புதர், ஓயாத காற்று. சுமார் 16,000 பேர் வாழும் ஊர், சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் உட்லண்ட்ஸின் ஒரு மூலையில் அடங்கிவிடும். தளம் அங்கிருந்தும் இருபது கிலோமீட்டர் தள்ளி. கறிவேப்பிலை வேண்டுமென்றால் பாய்சி நகருக்கு முக்கால் மணி நேரம் காரோட்ட வேண்டும்.

உங்களுக்கு அந்த அளவு தனிமை இருக்காது. எஃப்-35 போர் விமானப் பயிற்சிக்கு ஃபோர்ட் ஸ்மித்தில் உள்ள எப்பிங் தளத்தை அமெரிக்க ஆகாயப்படை 2023ல் உறுதிசெய்தபோதே அந்த ஊரைப் பற்றித் தேடிப் படித்தேன், பழைய ஊர்ப்பாசம் மாதிரி ஒன்று. ஆர்க்கன்சா மாநிலத்தின் மேற்கு எல்லையில், ஆற்றோரத்து நகரம். கிட்டத்தட்ட 90,000 பேர். 1975ல் வியட்நாம் போர் முடிந்து தப்பி வந்தவர்களில் சுமார் 50,000 பேரைப் பக்கத்திலிருந்த ஃபோர்ட் சாஃபி முகாம் வழியாகத்தான் அமெரிக்காவுக்குள் விட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அதனால் மீன்சாறுக்கும் செரை எனும் எலுமிச்சைப்புல்லுக்கும் நீங்கள் அலைய வேண்டியிருக்காது. வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் பென்டன்வில். வால்மார்ட்டின் தலைமையகம் அங்கேதான், ஆகவே ஐடி வேலைக்கு வந்த நம்மூர் முகங்களும் அங்கே உண்டு. தோசைக்கு வழி இருக்கிறது, கவலை வேண்டாம்.

மற்ற விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே 230 வோல்ட், அங்கே 120. உங்கள் மிக்ஸியையும் கிரைண்டரையும் இங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு, அங்கே ஓடுவதைப் போய் வாங்கிக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் கிரைண்டர் 110 வோல்ட்டிலும் வருகிறது. காரை வலப்பக்கம் ஓட்ட ஒரு வாரத்தில் பழகிவிடும். சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பலாம் என்பதுதான் கடைசி வரை கூச்சமாக இருக்கும். பள்ளி ஆண்டு ஆகஸ்ட்டில் தொடங்கி மே மாதம் முடிந்துவிடும், நம் ஜனவரிக் கணக்கோடு ஒட்டாது. சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதினால் வீட்டில் எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அதெல்லாம் சமாளித்துவிடுவீர்கள்.

அப்புறம், தமிழ்.

போகும்போது மகன் தொடக்கநிலை 1 முடித்திருந்தான். மகளுக்கு மூன்று வயது. இரண்டு பிள்ளைகளும் வீட்டில் தமிழ் பேசுவார்கள் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அங்கே போன பிறகுதான் உண்மை தெரிந்தது. இங்கே தமிழ் பேசிக்கொண்டிருந்தது நாங்கள் இல்லை, சிங்கப்பூர். எம்ஆர்டி ரயிலில் நடைமேடை இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் குரல், தேக்கா சந்தையில் மீன்காரருடன் பாட்டி போடும் சண்டை, பக்கத்து அறையில் ஓடும் வசந்தம் தொலைக்காட்சி, காரில் ஒலி 96.8 வானொலி, பள்ளியில் தினம் ஒரு மணி நேரம் தமிழாசிரியர். இவ்வளவும் சேர்ந்து பிள்ளைகளின் காதில் தமிழை ஊற்றிக்கொண்டிருந்தன. நானும் கணவரும் எங்களை அறியாமல் பாதி ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். மற்றதெல்லாம் இங்கேயே நின்றுவிட, எங்கள் பாதி ஆங்கிலம் மட்டும் எங்களோடு விமானம் ஏறியது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடுதான் என்று வந்தபோது, நம் வீடு அந்தப் பக்கம்தானே என்று நினைத்துக்கொண்டவள் நான். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

முதல் எட்டு மாதம் தமிழுக்கு எதுவும் செய்யவில்லை. பாடநூல்கள் கப்பலில் வந்த பெட்டிக்குள்ளேயே கிடந்தன. மாமனாரின் பிறந்தநாளுக்கு மகன் ஒரு அட்டை செய்து அனுப்பினான். அதில் 'பேரன்' என்று எழுதியிருந்தான். எப்படித் தெரியுமா? முதலில் ப, அதற்குப் பின்னால் கொம்பு. ஆங்கிலத்தில் மெய்க்குப் பின்னால்தானே உயிர் வருகிறது! வாழ்த்து கிடைத்ததா என்று கேட்க நான் அழைத்தபோது மாமனார் அட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "நாளையிலிருந்து அவனுக்குத் தினம் அஞ்சு சொல், நானே சொல்வதெழுதுதல் வைக்கிறேன்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. குளிர்காலத்தில் எங்களுக்கும் சிங்கப்பூருக்கும் 15 மணி நேர வித்தியாசம். இரவு 7 மணிக்கு நாங்கள் சாப்பாட்டை முடித்தால் உட்லண்ட்ஸில் மறுநாள் காலை 10. தானியப் பெட்டியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருப்போம். அந்தப் பக்கம் மாமனார், அவருக்குப் பின்னால் புளோக்கின் கீழே புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம். மகன் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஐந்து சொல், அப்புறம் ஒரு வாக்கியம். பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. போகவும் விடமாட்டார்.

இரண்டாவது ஜனவரியில் ஒரு நாள் வாக்கியம் இதுதான்: "அப்பா பணியில் இருக்கிறார்." மகன் எழுதிக் கேமராவுக்கு முன் காட்டினான். 'அப்பா பனியில் இருக்கிறார்.'

"ரெண்டு சுழி போட்டிருக்கே. மூணு சுழி வரணும்."

மகன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே காலையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. "தாத்தா, ரெண்டும் கரெக்ட். அப்பா வேலையிலயும் இருக்காரு, பனியிலயும் நிக்கிறாரு."

மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, "ஆனா அது பனியே இல்லைடா" என்று ஆரம்பித்தார். அவர் பிறந்தது பட்டுக்கோட்டைப் பக்கம். அங்கே பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோல் போர்மேல் ஈரமாகப் படிந்திருப்பது, வெயில் ஏறினால் போய்விடுவது. மண்வெட்டி வைத்து அள்ள வேண்டிய இதற்கு என்ன பெயர் என்று தாத்தாவும் பேரனும் அன்று இருபது நிமிடம் வாதாடினார்கள். 'உறைபனி' என்று தாத்தா முடித்துவைத்தார். இருபது நிமிடம் ஒரு பையன் தமிழில் சண்டை போட்டதை நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டுச் சனிக்கிழமை வகுப்பு வைத்தும் கிடைக்காதது அது.

ஆமாம், வகுப்பும் வைத்துப் பார்த்தோம். டிட்டாச்மென்ட்டில், அதாவது நம் பயிற்சிப் பிரிவில், மூன்று தமிழ்க் குடும்பம், ஐந்து பிள்ளைகள், சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் சமையலறை மேசை. இரண்டு மாதம்கூட ஓடவில்லை. ஒரு வாரம் காற்பந்து, ஒரு வாரம் பாய்சிக்குக் கடைக்குப் போகணும், ஒரு வாரம் கணவருக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. குற்றம் யார் பேரிலும் இல்லை. ஆனால் 'ஒரு குழு ஆரம்பிக்கலாமே' என்ற யோசனையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

மகன் தொடக்கநிலை 5க்கு இங்கே திரும்பினான். முதல் தேர்வில் 58. எழுத்து தப்பித்துவிட்டது. வாய்மொழியில்தான் தடுமாறினான். படத்தைக் காட்டிப் பேசச் சொன்னால் முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழுக்கு இழுத்து வந்தான். தாய்மொழி விலக்கு கேட்கலாமே என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்க வழி உண்டு. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். விலக்கு பெற்ற பிள்ளைக்கும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் தாய்மொழிக்கு ஒரு மதிப்பு போடுவார்கள். மற்ற மூன்று பாடங்களில் அவன் வாங்கியதைப் போலவே வாங்கிய பிள்ளைகள் தாய்மொழியில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்து, ஏஎல் எனும் தரநிலையில் (1 உயர்ந்தது, 8 கடைசி) 6லிருந்து 8க்குள் ஒன்று. எளிமையான ஃபவுண்டேஷன் தமிழ் எடுத்தாலும் உச்சம் ஏஎல் 6தான். அதைத் தப்பு என்று சொல்லவில்லை, சில பிள்ளைகளுக்கு அதுவே சரி. நாங்கள் விலக்கு கேட்கவில்லை. அது தமிழ்ப்பற்று என்றெல்லாம் பெருமையடிக்க மாட்டேன். தாத்தாவின் இரண்டு வருடத்துக்கு மேலான உழைப்பை ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கைவிட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு உறுத்துவது மகன் விஷயம் இல்லை, மகள் விஷயம். அவளுக்கு அப்போது எழுதத் தெரியாது, தேர்வும் இல்லை. அதனால் தாத்தாவின் பத்து நிமிடத்தில் அவளை யாரும் சேர்க்கவில்லை. அவள் மேசைக்கு அடியில் பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருப்பாள். மூன்று வயதில் "பசிக்குது, ஊட்டி விடு" என்று போனவள், ஆறு வயதில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, கட்டிப்பிடித்த பாட்டியிடம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பாட்டிக்குப் பாதி புரியவில்லை. "பெரிய துரைசானி ஆயிட்டா" என்று சிரித்துச் சமாளித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். எதுவும் பேசத் தோன்றவில்லை.

எல்லாரும் தொடக்கநிலைப் பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எழுத்தைத் துணைப்பாடம் வைத்து மீட்கலாம், நாங்கள் மீட்டுக்கொண்டிருக்கிறோம். காதில் விழாமலே போன பேச்சை எந்தத் துணைப்பாட ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கேட்பது? உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகாத வாண்டு இருந்தால், முதலில் அவளுக்காகப் பேசுங்கள். குளிப்பாட்டும்போது, கார் இருக்கையில் வார் மாட்டும்போது, கோபம் வரும்போது. குறிப்பாகக் கோபம் வரும்போது. ஐடஹோவில் நான் ஆங்கிலத்தில் திட்டப் பழகிவிட்டேன், பக்கத்து வீட்டுக்குப் புரிய வேண்டும் என்பது போல!

நேரக் கணக்கு உங்களுக்கு எங்களைவிடச் சாதகம். ஃபோர்ட் ஸ்மித்துக்கும் சிங்கப்பூருக்கும் குளிர்காலத்தில் 14 மணி நேரம், கோடையில் 13. அங்கே இரவு 7 என்றால் இங்கே மறுநாள் காலை 9 அல்லது 8. தாத்தா பாட்டி காப்பி குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம். அவர்களிடம் இப்போதே பேசி வையுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்து சொல், தெரியாத பிள்ளைக்கு ஒரு கதை. இரண்டுக்கும் சேர்த்து இருபது நிமிடம். பாடநூல்களைக் கப்பல் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். பெட்டி போய்ச் சேர வாரக்கணக்காகும், அதற்குள் ஒரு பழக்கம் விட்டுப்போகும்.

கடைசியாக ஒன்று. அங்கே வாங்கிய கிரைண்டரை ஆசையில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். 110 வோல்ட், இங்கே ஓடாது. அலமாரிக்கு மேலே பெட்டியோடு இருக்கிறது. கல் இன்னும் புதுசு மாதிரி. எடுத்துச் செல்ல உங்கள் சாமான் கணக்கில் இடம் இருந்தால், டிட்டாச்மென்ட் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள், யாராவது என்னைக் காட்டிவிடுவார்கள். வரும்போது சின்னவளையும் கூட்டிவாருங்கள். என் மகள் இப்போது பாட்டியிடம் கதை கேட்கத் தொடங்கியிருக்கிறாள், கூட ஓர் ஆள் இருந்தால் பாட்டிக்குக் குஷி.

அன்புடன்,
உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அம்மா