மீன்பாசி ஏலத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள்: கண்மாய் ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

மீன்பாசி ஏலம் நடத்தும் ஊராட்சிகளுக்கும், ஊர்க் கூட்டங்களுக்கும், பாசனதாரர் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் கண்மாயை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் அனைத்துக்கும் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த பசலிக்கு, அதாவது அடுத்த வருவாய்க் கணக்கு ஆண்டுக்கு, உங்கள் கண்மாயின் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் விடும்போது, நாட்டு மீன்களைத் தின்று அழிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை இந்தத் தண்ணீரில் விடக்கூடாது என்று ஏல நிபந்தனையில் எழுதுங்கள். எழுதியதை, ஏலம் கேட்க வந்தவர்கள் முன்னால் உரக்கப் படியுங்கள். மீறினால் குத்தகை ரத்து, கட்டிய பணம் திரும்பாது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்தது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், வளர்க்கப்படும் மீன்களை அழித்துவிடும்படி உத்தரவிட்டது. அதிகாரிகள் அவ்வப்போது பண்ணைக் குட்டைகளுக்குப் போய் அழிக்கவும் செய்கிறார்கள், செய்தியும் வருகிறது. ஆனால் அதே மீன் சந்தையில் தொட்டி தொட்டியாகத் துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன. அத்தனைக்கும் மீன்வளத்துறையின் ஜீப் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ராத்திரியில் எந்த வண்டி கரைமேல் ஏறியது, என்ன இறக்கியது என்பது ஊருக்குத்தான் தெரியும். அதனால்தான் இந்த மடல் சென்னைக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

முதலில் மீனை அடையாளம் காண வேண்டும், ஏனென்றால் 'நாட்டுக் கெளுத்தி' என்று சொல்லியே விற்கிறார்கள். நம் கெளுத்தியின் முதுகுத் துடுப்பு குட்டையானது. அதற்குப் பின்னால், வாலுக்கு முன்பாக, சதைப்பிடிப்பான இன்னொரு சிறு துடுப்பு தனியாக இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியின் முதுகுத் துடுப்போ தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை ஒரே நீளமாகப் போகும். தலை தட்டையாக, எலும்புக் கவசம் போட்டதுபோல் இருக்கும். நம்முடைய தேளியும் பார்வைக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பதால் குழப்பம் வரலாம். தேளி பெரிதாக வளராது. ஆப்பிரிக்க மீன் ஒரு மீட்டரையும் தாண்டும், உடம்பில் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் படம் எடுத்து மீன்வளத்துறை ஆய்வாளரிடம் காட்டிவிடுங்கள். தேளியைத் தவறுதலாகக் கொன்றுவிடக்கூடாது. அதுவே குறைந்துகொண்டு வருகிற மீன்.

ஆப்பிரிக்காவையும் மேற்கு ஆசியாவின் சில பகுதிகளையும் சேர்ந்த இந்த மீன், 1990-களின் தொடக்கத்தில் வங்கதேசம் வழியாக அனுமதி இல்லாமல் நம் நாட்டுக்குள் வந்தது. செவுளுக்கு மேலே மரக்கிளை போல் விரிந்த ஓர் உறுப்பு இதற்கு உண்டு. அதைக் கொண்டு காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். ஈரம் இருந்தால் தரையிலேயே ஊர்ந்து பக்கத்துக் குட்டைக்குப் போய்விடும். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். ஒரு பெரிய தாய் மீன் ஒரு பருவத்தில் இடும் முட்டைகள் பல்லாயிரம். அகப்படுவது எதுவானாலும் தின்னும்.

இந்தக் கடைசி விஷயத்தை நேரிலேயே பார்த்தேன். எங்கள் வட்டாரத்துக் கண்மாய் ஒன்றில் மீன்பிடித் திருவிழா நடந்தது. வெள்ளைத் துண்டு வீசியதும் ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக ஊர் முழுக்கச் சேற்றில் இறங்கியது. எனக்குப் பக்கத்தில் ஒருவர் ஊத்தாவுக்குள் கையை விட்டு, முழங்கை நீளத்துக்கு மேலிருந்த ஒரு மீனைச் செவுளில் விரல் கொடுத்துத் தூக்கினார். பெரிய கெளுத்தி என்று எல்லோருக்கும் சந்தோஷம். கரையில் வைத்து வயிற்றைக் கீறியபோது நத்தை ஓடு வந்தது, நண்டுக் கால் வந்தது, பாதி கரைந்த பொடிக் கெண்டைகள் வந்தன, கடைசியில் கோழி இறகின் தண்டு ஒரு கொத்தாக வந்தது. அந்தக் கண்மாயில் யாரும் கோழிக் கழிவு கொட்டுவதில்லை. மேலே எங்கோ ஒரு குட்டையில் கழிவு தின்று வளர்ந்த மீன் தண்ணீரோடு வந்திருக்கிறது என்று கூடியிருந்தவர்களே சொன்னார்கள். அன்று அங்கே அகப்பட்ட விரால் மிகக் கொஞ்சம். உளுவை என் கண்ணில் படவே இல்லை.

'தண்ணீரோடு வந்தது' என்பதுதான் விஷயம். நம் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் இல்லை. மேல் கண்மாய் நிறைந்து, மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கில் மறுகால் போனால் அது கீழ்க் கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்தால் அதற்கும் கீழே. முன்னோர் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளக் கட்டிய சங்கிலி இது. அந்தச் சங்கிலியின் தலையில் ஒரு குத்தகைதாரர் ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுகளை விட்டால், அடுத்த நல்ல மழையில் அது கடைசிக் கண்மாய்வரை போய்ச் சேர்ந்துவிடும். தன் கண்மாயில் எதை விடுவது என்பது அந்தந்த ஊரின் சொந்த விஷயம் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

இதில் பருவநிலை மாற்றம் எங்கே வருகிறது? மழை முறை தவறிப் பெய்வதில் வருகிறது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. ஏழே ஆண்டுகளில், 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது, தென்மாவட்டங்களில் குளங்கள் உடைந்தன. இந்த இரண்டுமே நாட்டு மீனுக்குக் கேடு, ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு வாய்ப்பு. வறட்சியில் கெண்டையும் அயிரையும் சாகும்போது அது சேற்றில் உயிரோடு கிடக்கும். வெள்ளத்தில் பண்ணைக் குட்டையின் கரை உடையும்போது அது ஆற்றுக்கே போய்விடும். தாமிரபரணியில், உலகில் வேறெங்கும் இல்லாத கெண்டை இனம் ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட ஆறு அது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை மாதத்தில் முழங்கால் ஆழத் தண்ணீர் 30 டிகிரியோடு நிற்பதில்லை. கழிவும் அழுகிய பாசியும் சேர்ந்தால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கெண்டைக்கு அது உயிர்ப் போராட்டம். மேலே வந்து ஒரு மடக்கு காற்றை விழுங்கிவிட்டுப் போகிற மீனுக்கு அந்தக் கெண்டைதான் இரை.

விராலும் காற்றைச் சுவாசிக்கிற மீன்தானே, அது தப்பித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். வெயிலை மட்டும் பார்த்தால் தப்பிக்கும். ஆனால் விரால் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டமாக மேல்தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு போகும், அடியில் தாயோ தகப்பனோ காவலுக்கு நீந்தும். தவளையையும் தன்னைவிடச் சிறிய மீனையும் விரட்ட அந்தக் காவல் போதும். இருட்டில் மீசையால் தடவித் தடவி இரை தேடுகிற, தன்னைவிடப் பெரிய மீனிடம் அது எம்மட்டும்?

முட்டையிடும் காலமும் தடுமாறுகிறது. ஐப்பசியில் புதுத் தண்ணீர், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் வந்ததும் கெளுத்தியும் கெண்டையும் எதிர்நீச்சல் போட்டு ஏறி, கண்மாயின் உள்வாய்ப் பரப்பிலுள்ள புல்லில் முட்டையிடும். ஒரே நாளில் மழை கொட்டி, பிறகு பல நாள் காய்ந்தால் அந்த முட்டைகள் புல்லிலேயே காய்ந்து போகின்றன. அதற்கும் முன்பே, பாலத்தடியில் வலையைக் கட்டி ஏறுகிற சினை மீனையெல்லாம் அள்ளிவிடுகிறோம். இதை நிறுத்தச் சொல்வதற்கு எந்தத் தீர்ப்பாயமும் தேவையில்லை, ஊர்க்கட்டுப்பாடு போதும்.

'வந்தது வந்துவிட்டது, பழகிக்கொள்ள வேண்டியதுதான்' என்று சொல்பவர்களுக்கு ஜிலேபி மீனை (திலாப்பியாவை) நினைவூட்டுகிறேன். 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. 1959-ல் தடை விதித்தார்கள். அதற்குள் பரவிவிட்டது. இன்று நம் பிள்ளைகளுக்கு ஜிலேபி நாட்டு மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தி விஷயத்தில் நாம் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. பல கண்மாய்களில் அது இன்னும் இல்லை, அல்லது ஒன்றிரண்டாக இருக்கிறது. ஆகவே இப்போது தடுப்பதில் பலன் உண்டு.

வளர்ப்பவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்த மீன் சீக்கிரம் வளர்கிறது, தீனிச் செலவு குறைவு, உயிரோடு சந்தைக்குப் போகிறது. கூலி வேலைக்குப் போகிற குடும்பம் மலிவு விலையில் வாங்கிச் சாப்பிடுகிறது. அதை நான் இளப்பமாக நினைக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு முன்பெல்லாம் மடைவாயிலும் வாய்க்காலிலும் காசில்லாமல் கிடைத்த மீனைத்தான் இது தின்றுகொண்டிருக்கிறது. மதுரையில் அயிரை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிறது. ஒரு காலத்தில் துண்டை விரித்துப் பிடித்த மீன் அது. குத்தகைதாரருக்கும் வழி இருக்கிறது: கட்லா, ரோகு இருக்கின்றன, விராலை வளர்க்கிறவர்கள் நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

தூர் வாரும்போதும் ஒன்று செய்யுங்கள். வண்டல் எடுக்கக் கண்மாயில் இயந்திரம் இறங்கும்போது, மடைக்கு அருகே ஓரிடத்தை மட்டும் கூடுதல் ஆழமாக வெட்டிக் கசம் ஒன்று விடச் சொல்லுங்கள். பங்குனி, சித்திரையில் அங்கே மட்டும் தண்ணீர் நிற்கும். கீழே தண்ணீர் குளிர்ந்திருக்கும். அடுத்த மழைக்கு விதை மீன் அங்கிருந்துதான் வரும். குத்தகைதாரர் மோட்டார் வைத்து அதையும் இறைத்து வழித்தெடுக்க விடாதீர்கள். குஞ்சு விடுவதற்கு முன் கண்மாயைச் 'சுத்தம்' செய்வதாக இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து இருக்கிற மீனையெல்லாம் கொல்லும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. பண்ணைக் குட்டைக்கு அது சரி. ஊர்க் கண்மாய்க்கு வேண்டாம்.

இன்னும் இரண்டு வெளியூர் மீன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தொட்டியில் பாசி தின்பதற்காக வாங்கி, பெரிதானதும் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்களே, அந்தச் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கரையைக் குடைந்து முட்டையிடும், முள்ளால் வலையைக் கிழிக்கும், விலைக்கும் போகாது. பள்ளிக்கூடங்களில் சொல்லி வையுங்கள். கொசு ஒழிக்க ஊராட்சிகளே கிணற்றிலும் குட்டையிலும் விடுகிற கம்பூசியா என்ற சிறு மீனும் நாட்டு மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்பதுதான். தலையில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்ன, மேல்தண்ணீரில் நீந்தும் நம் ஊர்ச் சிறு மீனே கொசுப்புழுவைத் தின்னும். அதைப் பிடித்து விடலாம்.

ஏல அறிவிப்பில் சேர்க்க வேண்டிய வாசகத்தை எழுதித் தருகிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் கொள்ளலாம்:

'குத்தகைதாரர் இக்கண்மாயில் ஆப்பிரிக்கக் கெளுத்தியையோ சக்கர் மீனையோ விடக்கூடாது. மீன் குஞ்சுகள் வாங்கிய ரசீதை ஊரில் காட்டி, ஊரார் இருவர் முன்னிலையில் பகலில்தான் விட வேண்டும். கோழிக் கழிவோ இறைச்சிக் கழிவோ கொட்டக்கூடாது. கசத்துத் தண்ணீரை இறைக்கக்கூடாது. மீன்பிடியின்போது ஆப்பிரிக்கக் கெளுத்தி அகப்பட்டால் திரும்ப விடாமல் கரையிலேயே கொன்றுவிட வேண்டும். மீறினால் குத்தகை ரத்து செய்யப்படும், செலுத்திய தொகை திருப்பித் தரப்படாது.'

ஜூலை முதல் தேதி புதுப் பசலி பிறக்கிறது. அதற்கு முன் வரத்துக்காலின் மேலேயும் கீழேயும் உள்ள ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். மேல் கண்மாய்க்காரர்கள் இந்த நிபந்தனையைப் போடாவிட்டால் கீழே இருப்பவர்கள் போட்டுப் பயனில்லை. உங்கள் ஊர்க் கூட்டத்தில் இந்த மடலைப் படித்துக்காட்ட யாராவது வேண்டும் என்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கடைமடைப் பாசனதாரர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்